எட்டின் நடுக்கோடு

ஜோசியர் எட்டை அமுக்கினார். பூஜ்யம் விழுந்தது.

குருபிரசாத் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தான். எதிலும் தப்பு தன் பக்கம்தான் இருக்கும் என்று தொடங்குவது அவன் சுபாவம். பஸ் வராவிட்டால்கூட, தப்பான நிறுத்தத்தில் நிற்கிறோமோ என்று ஒருமுறை போர்டைப் பார்த்துக்கொள்வான். ஆனால் பத்ரிநாராயணனின் விரல் எட்டின்மேல்தான் இருந்தது. மோதிரம் போட்ட, தடித்த, தயக்கமே இல்லாத விரல்.

"நன்னாப் பாத்துக்கோ," என்று அவர் கால்குலேட்டரை அவன் பக்கம் திருப்பினார். "உனக்கு தசை இருப்பு இவ்வளவு. அந்தப் பொண்ணுக்கு இவ்வளவு. ரெண்டு பேருக்கும் ஒரே வருஷத்துல தசை மாறறது. தசா சந்தி. சேக்கப்படாது."

"வேற வழியே இல்லையா மாமா?"

"நீதான் சொல்லணும்," என்றார் ஜோசியர்.

ஜோசியம் பார்க்கிறவர் ஏன் தன்னைச் சொல்லச் சொல்கிறார் என்று குருபிரசாத்துக்குப் புரியவில்லை. அதை யோசிக்க அப்போது அவனுக்கு மனமும் இல்லை. அவன் மனம் அந்தப் பூஜ்யத்திலேயே நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து ஜோசியரின் மனைவி அபயாம்பாள் காபியோடு வந்தாள். தம்ளரை அவன் முன்னால் வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏன்னா, பாவம், இந்தப் பிள்ளைகிட்ட போய்..." என்று ஆரம்பித்தாள்.

"அபயா, அடுப்புல பால் பொங்கறது பாரு."

"அடுப்புல பாலே இல்லையே."

"அப்போ போய் வெய்."

அவள் போய்விட்டாள். குருபிரசாத் காபியைக் குடித்தான். ஜாதகத்தை மடித்து அவனிடம் திருப்பிக் கொடுத்த ஜோசியர், வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டார். அவசரம் இல்லாமல், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

குருபிரசாத் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"மாமா, இந்தக் கால்குலேட்டர்ல எழுத்து கொஞ்சம் மங்கலா இருக்கு. நான் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கறேன். சரி பண்ணித் தரட்டுமா?"

ஜோசியர் மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"இதைத்தான் கேக்கணும்னு தோணித்தா உனக்கு?"

"ஆமாம் மாமா."

"எடுத்துண்டு போ," என்று பெருமூச்சு விட்டார் அவர்.

அந்தப் பெண்ணின் பெயர் ஸஹானா. மந்தைவெளிக்காரி. பகலில் அடையாறில் மின்சார மீட்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. சாயங்காலம் தி. நகர் பாண்டி பஜாரில், ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் நடந்த டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில், குருபிரசாத்துக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருவாள். குருபிரசாத் மயிலாப்பூரில் மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் ஸ்டாக் கிளார்க். எலெக்ட்ரானிக்ஸுக்கும் இருமல் மருந்துக்கும் சம்பந்தமில்லை. முன்னேற வேண்டும் என்று சேர்ந்தான். இரண்டாம் மாதத்திலிருந்து, முன்னேற்றம் என்பது இரண்டு பெஞ்சு தூரம் என்று ஆகிவிட்டது.

ஒரு வருஷமாக அவளிடம் அவன் பேசியதெல்லாம், "இது உங்க பென்சிலா?" என்ற ஒன்றுதான். அது அவளுடைய பென்சில் இல்லை.

கடைசியில் தைரியத்தை எல்லாம் திரட்டி, அவளிடம் சொல்லாமல், அம்மாவிடம் சொன்னான். அம்மாவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. விசாரித்ததில், பெண் வீட்டுக்காரர்களும் பத்ரிநாராயணனிடம்தான் ஜாதகம் கொடுத்து வைத்திருந்தார்கள். அவளுடைய அப்பாவும் ஜோசியரும் பால்ய சிநேகிதர்கள். இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்று அம்மா அன்றே அவன் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குப் பிறகு குருபிரசாத் அந்தப் பெண் இருக்கும் பக்கம் திரும்புவதைக்கூட நிறுத்திவிட்டான். ஜாதகம் பொருந்தி, பெரியவர்கள் பேசி முடிக்கும் முன்னால் பையன் போய்ப் பெண்ணிடம் பேசுவது முறை இல்லை என்பது அவன் எண்ணம். பொருந்திய பிறகு பேச ஆயுசு முழுக்க இருக்கிறதே.

இப்போது பொருந்தவில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் எட்டு, பூஜ்யமாகத் தெரிந்தது.

மயிலாப்பூர் கோயில் குளக்கரையைச் சுற்றி நடந்துகொண்டே அவன் யோசித்தான். கால்குலேட்டரில் ஓர் எண் என்பது ஏழு சின்னக் கோடுகள். இந்தக் கருவியில் கடைசி இடத்தில் நடுக்கோடு விழவில்லை. நடுக்கோடு போனால் இரண்டும் ஐந்தும் நொண்டியாகத் தெரியும்; பார்க்கிறவர் சந்தேகப்படுவார். எட்டு மட்டும் எந்தச் சந்தேகமும் தராமல் சுத்தமான பூஜ்யமாகிவிடும். எட்டு வருஷம் இருப்புள்ள தசை, இருப்பே இல்லாத தசையாகிவிடும். அப்படியானால் தசா சந்தி என்று எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு நடுக்கோட்டுக் கோளாறு.

வீட்டுக்குப் போய், பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு தானே கணக்குப் போட்டுப் பார்த்தான். மூன்று முறை போட்டான். மூன்று விடை வந்தது. மூன்றில் ஒன்றில், அவன் பிறப்பதற்கு முன்பே அவனுக்குக் கேது தசை முடிந்திருந்தது. தன் கணக்கை நம்பி யாரும் பெண் கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டான். ஜோசியர் வாயால் வர வேண்டும்.

ஆனால், மாட வீதிகளில் பாதிக் கல்யாணங்களுக்குப் பொருத்தம் பார்த்தவரிடம் போய், உங்கள் கணக்கு தப்பு என்று யார் சொல்வது? அவன் அப்பா அம்மாவுக்கே அவர்தான் பார்த்தார். ஆகவே அவன் ஒரு திட்டம் போட்டான். காதும் காதும் வைத்தாற்போல் நடுக்கோட்டைச் சரிசெய்வது. திருப்பிக் கொடுக்கும்போது, "மாமா, சரியா வேலை செய்யறதான்னு எங்க ஜாதகத்தையே ஒருதரம் போட்டுப் பாருங்கோ" என்பது. எட்டு எட்டாக வரும். மற்றதெல்லாம் தானாக நடக்கும். யார் மனசும் புண்படாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கால்குலேட்டரைத் திறந்தான். முதுகில் நான்கு திருகாணி. அவற்றை ஒரு பாத்திர மூடியில், எந்த மூலையில் இருந்ததோ அந்த மூலையில், முறைப்படி அடுக்கினான். ஈசான்ய மூலைத் திருகாணி கொஞ்சம் குட்டை என்பதைக்கூடக் கவனித்து வைத்தான். அவன் பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா அந்த மூடியை எடுத்து சாம்பாரை மூடினாள்.

மூன்று திருகாணி கரண்டியில் வந்தன. நான்காவது, மத்தியானச் சாப்பாட்டில் அவன் பல்லில் வந்தது. குட்டைத் திருகாணி.

உள்ளே கண்ணாடிப் பலகைக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டை இருந்தது. நூல் அகலம். அதன் வழியாகத்தான் ஒவ்வொரு கோட்டுக்கும் மின்சாரம் போக வேண்டும். பட்டையில் அழுக்கு இருந்தது. ஸ்பிரிட்டில் துடைக்க அதை இடுக்கியால் மெல்ல வெளியே இழுத்தான். பட்டை வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழுக்க வெளியே வந்தபோது, உள்ளே இருந்ததைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது.

துடைத்து, அமுக்கி உள்ளே வைத்து, திருகாணிகளைப் பூட்டி, எட்டை அமுக்கினான். நடுக்கோடு கச்சிதமாக வந்திருந்தது. ஆனால் இடப் பக்கம் இரண்டு கோடுகளும் காணாமல் போயிருந்தன. எட்டு, மூன்றாகத் தெரிந்தது.

மறுநாள் வகுப்புக்கு அதை எடுத்துப் போனான். அவன் பெஞ்சு சிநேகிதன் காஷிஃப், பனகல் பூங்கா பக்கம் தன் மாமா ஹனீஃபாவின் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். ராயப்பேட்டைக்காரன். எதற்கும் யோசனை சொல்லக்கூடியவன். அவன் யோசனையைக் கேட்பதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். குருபிரசாத் கிடைத்தான்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு காஷிஃப் தலையைச் சொறிந்தான்.

"ஏன் மச்சி, அந்தப் பொண்ணு அதோ ரெண்டு பெஞ்சு முன்னாடி குந்திகினு கீது. நேரா போய் அதாண்டையே கேட்டுட வேண்டிதானே?"

"ஜாதகமே பொருந்தலைடா. பொருந்தாம எப்படிப் போய்ப் பேசறது?"

"பேசறதுக்கு இன்னாடா பொருத்தம்?"

இவனுக்கு எங்கள் வழக்கம் தெரியாது என்று குருபிரசாத் நினைத்துக்கொண்டான். அவர்கள் இரண்டு பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு கால்குலேட்டரை ஆராய்ந்தபோது, மேலே ஒரு நிழல் விழுந்தது. ஸஹானா நின்றிருந்தாள்.

"என்ன ரிப்பேர் பண்ணிண்டிருக்கேள்?"

குருபிரசாத் கால்குலேட்டரின்மேல் கையை வைத்து மூடினான். ஒன்றுமில்லை, தெரிந்தவர் ஒருவருடையது என்றான். விரல் இடுக்கில், பின்பக்கத்தில் ஜோசியர் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"எங்கியோ பாத்த மாதிரி இருக்கு," என்றாள். "பட்டையை இழுத்துட்டேளா? இழுத்தா நீண்டுடும். எங்க மீட்டர்லயும் இதேதான். குடுங்கோ, நான் பாக்கறேன். கால் மணி வேலை."

அந்தக் கால் மணியை குருபிரசாத் வேண்டாம் என்றான். அவனுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. யாருடைய ஜாதகத்துக்காக இந்த ரிப்பேரோ, அவளே இதைத் தொட்டால், பரீட்சை எழுதுகிறவளே விடைத்தாளைத் திருத்துவதுபோல் ஆகிவிடாதா? நாளைக்கு யாராவது ஒரு சொல் சொன்னால்?

"பரவால்லை, நானே பாத்துக்கறேன்," என்றான்.

"சரி. கேக்கணும்னா கேளுங்கோ."

"ஒண்ணும் கேக்கறதுக்கு இல்லை."

அவள் கொஞ்சம் நின்றாள். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டாள். காஷிஃப் தன் நெற்றியில் மெதுவாக அடித்துக்கொண்டான். கொசு என்று குருபிரசாத் நினைத்தான்.

அன்று வகுப்பு முடிந்து ஹனீஃபாவின் கடைக்குப் போனார்கள். பட்டையின் நுனியை பிளேடால் நறுக்கி, அளவாக்கி, காஷிஃப் உள்ளே வைத்தான். ஏழு கோடும் வந்தன. குருபிரசாத் அவனைக் கட்டிக்கொள்ளப் போனான். அப்படியே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால், கண்ணாடியின்மேல் பழுப்பாக ஒரு படலம் இருக்கிறது, வெளிச்சத்தில் எட்டு சரியாகத் தெரியாமல் போனால் என்ன செய்வது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அரைகுறை வேலை அவனுக்குப் பிடிக்காது. காஷிஃப் உடனே ஃபிரேம் துடைக்கும் தின்னரை எடுத்து நீட்டினான்.

தின்னர் பட்டதும் மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் அப்பளம்போலச் சுருண்டது. சுருண்டதை உரித்து எடுத்தார்கள். அடியில் கண்ணாடி பளபளவென்று இருந்தது. எட்டை அமுக்கினால் ஒன்றுமே இல்லை. எந்த எண்ணை அமுக்கினாலும் ஒன்றுமே இல்லை.

"செத்துப்போச்சா?" என்றான் குருபிரசாத்.

காஷிஃப் யோசிப்பதற்காக, தன் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். கடலில் மீன் பிடிக்கிறவர்கள் போடுவதாம்; தண்ணீரின் பளபளப்பு தெரியாதாம். மாட்டிக்கொண்டு கால்குலேட்டரைக் குனிந்து பார்த்தவன், தலையை இடப் பக்கம் சாய்த்தான். பிறகு வலப் பக்கம் சாய்த்தான். பிறகு மறுபடி இடப் பக்கம்.

"மச்சி, எல்லா நம்பரும் உள்ளதான் கீது. இந்தப் பக்கம் சாஞ்சா கறுப்பா தெரியுது. அந்தப் பக்கம் சாஞ்சா வெள்ளையா தெரியுது."

உண்மைதான். உரித்தெடுத்த தாளும் அந்தக் கண்ணாடியும் ஒரே ஜாதி. அந்தத் தாள் இல்லாமல் வெறும் கண்ணுக்கு எண்கள் தெரியாது. காஷிஃப் கண்ணாடியை உடனே தானமாகத் தந்துவிட முன்வந்தான். ஜோசியர் அதை மாட்டிக்கொண்டு தலையை இடப் பக்கம் சாய்த்துக் கணக்குப் பார்க்கட்டும், வருகிறவர்களுக்குப் பயபக்தி கூடும் என்றான். குருபிரசாத் ஒரு கணம் நிஜமாகவே அதை யோசித்தான். பிறகு, பெண்ணைப் பெற்றவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் காட்சி மனதில் வந்து, வேண்டாம் என்றான்.

தாளுக்காகத் தன் சொந்தக் கால்குலேட்டரைப் பலி கொடுத்தான். அதன் தாளை உரித்து, அளவெடுத்து, வெட்டி, ஒட்டினான். எண்கள் வந்தன. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எண்கள், ஸ்லேட்டில் சாக்பீஸால் எழுதியதுபோல.

"சோக்கா கீது. ஃபாரின் மாடல் கணக்கா," என்றான் காஷிஃப்.

தாளை ஒட்டிய திசை தப்பு. ஜோசியர் கேட்டால் என்ன சொல்வது? குருபிரசாத் அதை உரித்து மறுபடி ஒட்டத் தீர்மானித்தான். இந்த முறை பசை விடவில்லை. பிளேடு நுனியால் ஒரு மூலையை நெம்பினான். மிக மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியின் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றியது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கசிந்து, விரிந்து, இடமிருந்து வலமாக ஒவ்வோர் எண்ணாக விழுங்கிக்கொண்டு போனது. எட்டு கடைசியாகப் போனது.

இதற்குள் தை போய் மாசி பாதி ஆகியிருந்தது.

ஒரு சாயங்காலம் வடக்கு மாட வீதியில் ஜோசியர் எதிரே வந்தார். குருபிரசாத் ஒரு வெற்றிலைக் கடைக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தான், அவர் பார்த்துவிட்டார். கால்குலேட்டர் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று அவன் இழுத்தான். பத்ரிநாராயணன் அவன் தோளில் கை வைத்தார்.

"கால்குலேட்டர் கெடக்கட்டும்டா. நாள் போயிண்டே இருக்கு. நான் வாய் விட்டுச் சொல்ல முடியாது. கேக்க வேண்டியதைக் கேக்க வேண்டிய எடத்துல போய்க் கேளு. இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

குருபிரசாத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இவ்வளவு தாமதமாகியும் மனுஷர் கோபிக்கவில்லையே. மறுநாளே லீவு போட்டுவிட்டு, கேட்க வேண்டிய இடமான ரிச்சி தெருவுக்குப் போய்க் கேட்டான்.

அதே மாடல் பழைய கால்குலேட்டர் கிடைப்பது சுலபமாக இல்லை. வேலை முடிந்த சாயங்காலங்களில், வகுப்புக்குக்கூடப் போகாமல், ரேடியோப் பெட்டிகளும் டெலிபோன் எலும்புக்கூடுகளும் குவிந்த அந்தத் தெருவில் கடைகடையாக ஏறி இறங்கினான். நடுவில் ஒரே ஒரு நாள் வகுப்புக்குப் போனான். பிராக்டிகல் நாள். ஸஹானா அவன் பெஞ்சுக்கே வந்து எதிரில் உட்கார்ந்தாள். காஷிஃப் எழுந்து, தனக்குத் தண்ணீர் தாகம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"உங்க ரிப்பேர் முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை. டிஸ்ப்ளே மட்டும்தான் பாக்கி."

"அப்புறம்?"

"அப்புறம் திருப்பிக் குடுத்துடுவேன்."

"அவ்வளவுதானா?"

அவள் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. ஜாதக விஷயம் முழுக்க இவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று அவனுக்கு முதன்முதலாகத் தோன்றியது. தெரிந்திருந்தால், பொருந்தாதவன் என்று பரிதாபப்படுகிறாள். பரிதாபத்தை வைத்துக்கொண்டு பேசுவது அழகா? இன்னும் கொஞ்ச நாள்தான். எட்டு வந்துவிட்டால், பரிதாபத்துக்கு வேலையே இல்லாமல் நிமிர்ந்து பேசலாம்.

"அவ்வளவுதான்," என்றான்.

அவள் மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து, அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இது உங்களோட பென்சில்தானே," என்றாள். அவனுடையதுதான். தலையாட்டினான். அவள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவளை வகுப்பில் காணவில்லை. அலுவலகத்தில் வேலை அதிகமாக இருக்கும் என்று அவன் எண்ணிக்கொண்டான்.

பங்குனியில் கிடைத்தது. அதே மாடல், அதே நிறம், ஒரு மூட்டை ரிமோட்டுகளுக்கு அடியில். அதன் உள்ளுறுப்புகளை அப்படியே எடுத்து, குங்குமப் பொட்டு வைத்த பழைய கூட்டுக்குள் பொருத்தினான். இந்த முறை திருகாணிகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எட்டை அமுக்கினான். எட்டு வந்தது. எட்டு எட்டுகளை வரிசையாக அமுக்கிப் பார்த்தான். திரை முழுக்க எட்டுகள், ஒரு கோடு குறையாமல் நின்றன. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அம்மா பார்த்துவிட்டு, எட்டுதானே, இதற்கா இத்தனை நாள் என்றாள்.

அறுபத்துமூவர் திருவிழா முடிந்த மறுநாள். மாட வீதிகளில் இன்னும் நீர்மோர்ப் பந்தல்களின் மூங்கில்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குருபிரசாத் தலையை வாரி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கால்குலேட்டரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். முதலில், "மாமா, தாமதத்துக்கு மன்னிக்கணும்." பிறகு, "சரியா வேலை செய்யறதான்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்கோ." பிறகு, போகிற போக்கில், "எங்க ஜாதகத்தையே போடுங்கோளேன்." இந்தப் போகிற போக்குதான் சரியாக வரவில்லை. தெரு முனையில் நின்று இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான்.

ஜோசியர் ஆத்தில் இல்லை. அபயாம்பாள்தான் கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"வா குரு. உக்காரு. மாமா வர நாழியாகும்."

"பரவால்லை மாமி, இருக்கேன். இதை அவர் கையில குடுத்து, ஒரு கணக்கு போடச் சொல்லணும்."

கைக்குட்டையைப் பிரித்து மேஜையில் வைத்தான். எட்டை அமுக்கிக் காட்டினான். அவள் எட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதையா இத்தனை நாளா பண்ணிண்டிருந்தே?"

"எட்டு சரியாத் தெரியலை மாமி. பூஜ்யமா தெரிஞ்சுது. அதனாலதான் எங்க ஜாதகத்துல தசா சந்தின்னு..." இதற்குமேல் மறைத்து என்ன பயன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நடுக்கோடு, பட்டை, தாள், ரிச்சி தெரு, எல்லாம். அபயாம்பாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். சொல்லி முடித்தபோது அவள் புடவைத் தலைப்பால் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அடப் பைத்தியமே, அவர் கணக்கெல்லாம் விரல்லதான். இந்த டப்பாவுல கூட்டக்கூடத் தெரியாது அவருக்கு. வரவாளுக்கு நம்பிக்கை வரணுமேன்னு சும்மா தட்டுவார்."

குருபிரசாத் கால்குலேட்டரைப் பார்த்தான். திரையில் எட்டு அழகாக, முழுசாக நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பயன்படுத்தாவிட்டால் தானாக அணைந்துவிடும் ஜாதி அது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

"மாமா எங்க போயிருக்கார் மாமி?"

அபயாம்பாள் உள்ளே போய்க் காபி கலந்து எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். பிறகுதான் சொன்னாள்.

"மந்தைவெளிக்கு. ஸஹானாவுக்கு இன்னிக்கு நிச்சயதார்த்தம். லக்னப் பத்திரிகை வாசிக்கப் போயிருக்கார். பையன் பெங்களூர்."

காபியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. குருபிரசாத் அதையே பார்த்தான். கடைசியில், தன்மேல் தப்பு இல்லை என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும் என்பதுபோல, மெல்லக் கேட்டான்.

"அப்போ தசா சந்தி நிஜமாவே இருந்துதா மாமி? பொருந்தவே இல்லையா?"

அபயாம்பாள் அவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"பத்துப் பொருத்தமும் பேஷா இருந்ததுடா குரு, அந்தப் பொண்ணுதான் இங்க வந்து, 'இல்லேன்னு சொல்லிப் பாருங்கோ மாமா, அப்பவாவது எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கறாரான்னு பாக்கறேன்'னு சொல்லிட்டு, மாசி முழுக்கக் காத்துண்டிருந்தா."